கடைசியாக நினைவிருப்பது என்ன?
(வாசகர் வட்டக் கூட்டத்தில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)

அவைத் தலைவர் ஐயா அவர்களே, முன்வரிசையில் வீற்றிருக்கும் வட்டார மருத்துவ அலுவலர் அம்மையார் அவர்களே, பணிக்கு நடுவே வந்திருக்கும் போக்குவரத்துக் காவல் ஆய்வாளர் அவர்களே, இந்த மண்டபத்தை வாடகை வாங்காமல் திறந்துவிட்ட அரிசி ஆலை அண்ணாச்சி அவர்களே, எனக்குப் பொன்னாடை போர்த்திய நூலகர் தம்பி அவர்களே, தாய்மார்களே, இளைஞர்களே, அனைவருக்கும் வணக்கம். யாரையாவது விட்டிருந்தால் பொறுத்தருள வேண்டும்.

“அறிவியலில் எதையாவது பேசுங்கள்” என்றார் நூலகர் தம்பி. நான் மருத்துவன் அல்லன். ஓய்வுபெற்ற அறிவியல் வாத்தியார். இன்றைக்கு ரிட்சி ரஸ்ஸல் என்ற நரம்பியல் மருத்துவரின் ஆய்வுகளில் மூன்றைச் சொல்லலாம் என்று வந்திருக்கிறேன். ஒன்று, மறதி. இரண்டு, மூளை அதிர்ச்சி, அதாவது தலையில் அடிபட்டு மயங்கிப்போவது. மூன்று, இளம்பிள்ளை வாதம். மூன்றுக்கும் நேரம் இருக்குமா என்பது தலைவர் ஐயா கையில் இருக்கும் மணியைப் பொறுத்தது.

ரஸ்ஸல் 1903இல் பிறந்தவர். எடின்பரோவில் படித்து, பிறகு ஆக்ஸ்போர்டில் பெயர் எடுத்தவர். தலையில் அடிபட்ட 200 பேரைப் பரிசோதித்து 1932இல் ஒரு கட்டுரை எழுதினார். ஸ்கேன் என்ற பேச்சே இல்லாத காலம். அடி எவ்வளவு பலமானது என்று எதை வைத்துச் சொல்வது? அடிபட்டவனிடமே கேட்டார். விபத்துக்கு முன்னால் கடைசியாக நினைவிருப்பது என்ன? விபத்துக்குப் பிறகு முதலில் நினைவிருப்பது என்ன? விபத்துக்குப் பிறகு தொடர்ச்சியான நினைவு ஒரு மணி நேரத்துக்குள் திரும்பினால் லேசான காயம். ஒரு நாள் வரை என்றால் நடுத்தரம். அதைத் தாண்டினால் கடுமை. ஒரு வாரத்தையும் தாண்டினால் மிகக் கடுமை. பைசா செலவில்லாத அளவுகோல். இன்றும் உலகமெங்கும் மருத்துவர்கள் இதைப் பயன்படுத்துகிறார்கள். அம்மையார் தலையசைக்கிறார்கள், அப்போது நான் சரியாகத்தான் சொல்கிறேன்.

இங்கே ஒரு கதை சொல்ல வேண்டும். கதையில்லை, ரஸ்ஸல் பதிவு செய்த நோயாளியின் வரலாறு. 1933 ஆகஸ்ட். கோல்ஃப் மைதானத்தில் புல்தரை பராமரிக்கும் இளைஞன், வயது 22. மோட்டார் சைக்கிளிலிருந்து தூக்கி எறியப்பட்டான். இடது நெற்றியில் ஒரு கன்றல், இடது காதில் கொஞ்சம் ரத்தம். எக்ஸ்ரேயில் எலும்பு முறிவு எதுவும் தெரியவில்லை. ஒரு வாரத்தில் நன்றாகப் பேசினான். நர்சுகளும் பையன் தேறிவிட்டான் என்றே நினைத்தார்கள். ‘இன்றைக்கு என்ன தேதி?’ என்று கேட்டால், ‘1922, பிப்ரவரி’ என்கிறான்! தான் பள்ளிக்கூடத்துப் பையன் என்கிறான். (சிரிப்பு) சிரிக்காதீர்கள். பதினோரு வருடம் போய்விட்டது! நடுவில் ஐந்து வருடம் ஆஸ்திரேலியாவில் இருந்தவன். அது நினைவில் இல்லை. திரும்பி வந்து இரண்டு வருடம் கோல்ஃப் மைதானத்தில் வேலை பார்த்தவன், அதுவும் இல்லை.

இரண்டாம் வாரம் ஆஸ்திரேலியா திரும்பி வந்தது. ஊர் திரும்பிய நிகழ்ச்சியும் நினைவுக்கு வந்தது. கடைசி இரண்டு வருடம் மட்டும் வெறும் இருட்டு. மூன்றாம் வாரம், தான் வேலை பார்த்த கிராமத்துக்கே போகிறான். எதைப் பார்த்தாலும் புதிதாக இருக்கிறது. தினம் நடந்த தெருவில் வழி தவறுகிறான், ஒரு தடவை அல்ல, பல தடவை. வேலையிலும் சேர்ந்துவிட்டான். கை பழகிய வேலையைச் சரியாகவே செய்கிறது. ஆனால் பகலில் என்ன செய்தோம் என்று நினைவுபடுத்தத் திணறுகிறான். சுமார் பத்து வாரம் கழித்துத்தான் அந்த இரண்டு வருடமும் மெல்ல மெல்லத் திரும்பின. விபத்துக்கு முந்தைய சில நிமிடங்கள் மட்டும் வரவே இல்லை.

பழையது முதலில் வருகிறது, புதியது கடைசியில் வருகிறது. 1946இல் ரஸ்ஸலும் சக ஆய்வாளர் நேதனும் தலையில் அடிபட்ட 1,029 பேரின் விவரத்தை வெளியிட்டார்கள். அதில் 707 பேருக்கு விபத்துக்கு முந்தைய மறதி அரைமணிக்கும் குறைவு. நினைவு பதிந்து உறுதிப்படச் சற்று நேரம் வேண்டும், அதற்குள் அடி விழுந்தால் போயிற்று என்பது ரஸ்ஸலின் கருத்து.

இரண்டாவதான மூளை அதிர்ச்சிக்கு வருகிறேன். 1941இல் டெனி-பிரவுன் என்ற நரம்பியல் மருத்துவரும் ரஸ்ஸலும் விலங்குகளில் சோதித்தார்கள். தலை அசைய இடமிருந்தால் ஓர் அடியில் மயக்கம். தலையை அசையாமல் பிடித்து வைத்தால் அதே அடிக்கு மயக்கம் இல்லை. மூளை, மண்டைக்குள் இருக்கும் கெட்டித் தயிர் மாதிரி. சட்டி உடையாமலே தயிர் குலைந்துவிடும். அந்தப் பையனுக்கு எலும்பு முறியாமலே பதினோரு வருடம் போனது ஏன் என்று இப்போது தெரிகிறதா? இதை இன்னும் விரிவாகச் சொல்லலாம், ஆனால் அதைவிட அவசரமான விஷயம் ஒன்று இருக்கிறது.

ஆய்வாளர் ஐயா இருக்கும்போதே அதைச் சொல்லிவிடுகிறேன். “தலைக்கு வந்தது தலைப்பாகையோடு போயிற்று” என்பார்கள் நம் பெரியவர்கள். லாரன்ஸ் ஆஃப் அரேபியா என்று பெயர் பெற்ற முன்னாள் பிரிட்டிஷ் ராணுவ அதிகாரி டி. ஈ. லாரன்ஸ், 1935 மே 13 அன்று சைக்கிளில் வந்த இரண்டு பையன்களைத் தவிர்க்கப் போய் மோட்டார் சைக்கிளிலிருந்து விழுந்தார். தலையில் கவசம் இல்லை. ஆறு நாளில் இறந்தார். அவரைப் பார்த்த மருத்துவர்களில் ஒருவர் ஹியூ கெய்ர்ன்ஸ் என்ற மூளை அறுவை நிபுணர். இரண்டாம் உலகப் போர்க்காலத்தில் ஆக்ஸ்போர்டில் ஒரு கல்லூரியையே தலைக்காய மருத்துவமனையாக மாற்றினார்களே, அங்கே ரஸ்ஸலோடு பணியாற்றியவர். கெய்ர்ன்ஸ் 1941இல் எழுதினார்: போர் தொடங்கியபின் 21 மாதத்தில் பிரிட்டனில் மோட்டார் சைக்கிளில் போய்ச் செத்தவர்கள் 2,279 பேர். கவசம் போட்டு விபத்தில் சிக்கியவர்கள் ஏழு பேரைத்தான் அவரால் பார்க்க முடிந்தது. ஏழு பேரும் பிழைத்திருந்தார்கள். தலைக்கு வந்தது தலைப்பாகையோடு போயிற்று! அந்த நவம்பரிலேயே மோட்டார் சைக்கிளில் செய்தி கொண்டுபோகும் பிரிட்டிஷ் ராணுவ வீரர்களுக்குக் கவசம் கட்டாயம் ஆனது. அந்நாட்டுப் பொதுமக்களுக்கோ 1973இல்தான் சட்டம் வந்தது. கெய்ர்ன்ஸ் 1952இலேயே இறந்துவிட்டார்.

நம் நாட்டிலும் 1988 மோட்டார் வாகனச் சட்டத்தின் 129ஆம் பிரிவு ஓட்டுபவருக்கும் பின்னால் உட்காருபவருக்கும் சேர்த்தே சொல்கிறது. 2015இல் சென்னை உயர் நீதிமன்றமும் கண்டிப்பாகச் சொன்னது. ஆனால் இந்த மண்டபத்து வாசலைப் பாருங்கள். வண்டிக்கு ஒரு கவசம். அதுவும் பாதி கண்ணாடியில் தொங்குகிறது. ஓட்டுகிற அப்பாவுக்குத் தலை இருக்கிறது, பின்னால் சேலையை இழுத்துப் பிடித்து ஒருக்களித்து உட்கார்ந்திருக்கும் அம்மாவுக்கு இல்லையா? முன்னால் டேங்கில் உட்கார்ந்திருக்கும் பிள்ளைக்கு இல்லையா? தலைப்பாகை இல்லாத தலைக்கு வந்தால் எதோடு போகும்?

மணி அடித்துவிட்டார் தலைவர் ஐயா. இளம்பிள்ளை வாதத்தின் தொடக்கத்தில் உடம்பை வருத்தினால் முடக்கம் கூடுகிறது என்று ரஸ்ஸல் கண்டதை அடுத்த கூட்டத்தில் சொல்கிறேன், கூப்பிட்டால். அண்ணாச்சியிடம் ஒரு விண்ணப்பம்: ஆலையில் வேலை பார்ப்பவர்களுக்குத் தீபாவளிக்கு இனிப்புப் பெட்டியோடு பின்னிருக்கைக் கவசம் ஒன்றும் கொடுங்கள். ஐ.எஸ்.ஐ. முத்திரை பார்த்து வாங்குங்கள், தொப்பி மாதிரி இருப்பது வேண்டாம். வாசலில் மேசை போட்டிருக்கிறோம். வீட்டில் எத்தனை பேர் வண்டியில் ஏறுகிறீர்கள், எத்தனை கவசம் இருக்கிறது என்று எழுதிவிட்டுப் போங்கள். மொத்தமாக வாங்கினால் விலை குறையும். நன்றி, வணக்கம்.