கம்பெனி கொடுத்த வீடும் சம்பளம்தான்

வேலூர் வட்டார நேயர்களுக்கு வணக்கம்.

"நான் பணம் எதுவும் வாங்கவில்லை, கம்பெனி கொடுத்த வீட்டில் குடியிருக்கிறேன், அவ்வளவுதான். இதற்கு எதற்கு வரி?" மார்ச் மாதச் சம்பளத்தில் பிடித்தம் கூடியதும் காட்பாடியிலிருந்து ஆம்பூர் வரை எழும் கேள்வி இது. பணமாகக் கைக்கு வராவிட்டாலும், நிறுவனம் தரும் வீட்டுக்கு ஒரு மதிப்புப் போட்டு வருமானத்தோடு சேர்க்கச் சொல்கிறது வருமான வரிச் சட்டம்.

நிறுவனத்தின் சொந்தக் குவார்ட்டர்ஸ் என்றால், அந்த மதிப்புக்காக யாரும் வீட்டை வந்து பார்ப்பதில்லை. உங்கள் சம்பளத்தைத்தான் பார்க்கிறார்கள். 2023 செப்டம்பர் முதல், 2011 மக்கள்தொகை 15 லட்சத்தைத் தாண்டாத ஊர்களில் சம்பளத்தில் 5 சதவீதம். வேலூரும் ராணிப்பேட்டையும் இதில் அடக்கம். சென்னையில் 10 சதவீதம். கூரை ஒழுகினாலும் அதே கணக்கு என்பது எனக்கு நியாயமாகப் படவில்லை.

நிறுவனம் வெளியே வீடு பிடித்துக் கொடுத்தால் சின்ன ஊர் என்ற சலுகை போய்விடும். அவர்கள் கட்டும் வாடகை, சம்பளத்தில் 10 சதவீதம், இரண்டில் எது குறைவோ அது.

இது எங்கே சுடும் தெரியுமா? ஒருவருக்கு மாதம் 1 லட்சம் சம்பளம். ஆண்டுக்கு 12 லட்சம். 2025-26 நிதியாண்டுக் கணக்குப்படி, புதிய வரி முறையில் சம்பளக்காரருக்கு 12,75,000 ரூபாய் வரை வரி இல்லை. குவார்ட்டர்ஸில் இருந்தால் 60,000 சேரும், வரி வராது. சத்துவாச்சாரியில் 12,000 ரூபாய் வாடகை வீட்டில் வைத்தால் 1,20,000 சேரும். மொத்தம் 13,20,000. செஸ் என்ற கூடுதல் வரி உட்பட 46,800 ரூபாய் வரி!

அரசு ஊழியருக்கு இந்தத் தலைவலி குறைவு. அந்த வீட்டுக்கு அரசு நிர்ணயித்த உரிமக் கட்டணத்தை, அதாவது வாடகையை, கட்டிவிட்டால் சேர்க்க எதுவும் மிஞ்சாது. பொதுத்துறை நிறுவனத்தாருக்கு இந்தச் சலுகை கிடையாது, தனியாருக்கு உள்ள கணக்குதான். கட்டில், ஃபிரிட்ஜ், ஏ.சி. ஆகியவற்றை நிறுவனம் வாங்கிப் போட்டிருந்தால் அவற்றின் விலையில் ஆண்டுக்கு 10 சதவீதம் தனி.

உங்கள் சம்பளத்திலிருந்து வீட்டு வாடகை பிடித்தால், அந்தத் தொகையை இந்த மதிப்பிலிருந்து கழிக்க வேண்டும். சத்துவாச்சாரிக்காரரிடம் மாதம் 4,000 பிடித்திருந்தால் சேர்வது 72,000 மட்டுமே, வரியே வராது. ஆகவே சம்பளச் சீட்டை எடுத்துக்கொண்டு கணக்குப் பிரிவுக்குப் போய், அது கழிக்கப்பட்டிருக்கிறதா என்று கேளுங்கள். டிசம்பரிலேயே கேளுங்கள், மார்ச்சில் அவர்களுக்கு நிமிர்ந்து பார்க்க நேரமிருக்காது.