கருந்துளைக் குழல்

நேயர்களுக்கு வணக்கம். புல்லாங்குழல் வாசிப்பவர்களைப் பற்றி வானொலியில் நிறையக் கேட்டிருப்பீர்கள். நான் பேச வந்தது அதைச் செய்பவர்களைப் பற்றி.

திருவிழாக் கடையில் வாங்கிய குழல் ஒன்று உங்கள் வீட்டிலும் கிடக்கும். எவ்வளவு ஊதினாலும் காற்று மட்டுமே வருமே, அந்தக் குழல்தான். அதை எடுத்துத் துளையின் ஓரத்தைப் பாருங்கள். கறுத்திருக்கும். சாயம் இல்லை, கரி.

மூங்கிலில் துளை போடுவது தீ. துளைப்பான் வைத்துத் திருகினால் நார் பிய்ந்து, நீளவாக்கில் விரிசல் ஓடிவிடும். அதனால் கரி அடுப்பில் கம்பியைப் பழுக்கக் காய்ச்சி வைப்பார்கள். முதலில் மெல்லிய கம்பி, அப்புறம் தடித்தது. சங்க நூலான பெரும்பாணாற்றுப்படையில் ஓர் இடையன், தீக்கடைகோலில் உண்டாக்கிய நெருப்பால் துளையிட்ட குழலில் பாலைப் பண் வாசிக்கிறான். 'கருந்துளைக் குழல்' என்கிறார் உருத்திரங்கண்ணனார். இந்தச் சொல்லைப் போகிற இடமெல்லாம் நான் சொல்வதால் வீட்டில் சிரிக்கிறார்கள். சிரிக்கட்டும். துளை கறுப்பு என்று எழுதியவர் குழலைக் கையில் வாங்கிப் பார்த்தவராகத்தான் இருக்க வேண்டும்.

சரி, மூங்கிலுக்கு வருகிறேன். ஏணிக்கு ஆகிற மூங்கில் குழலுக்கு ஆகாது. சுவர் மெல்லிசாக இருக்க வேண்டும், கணுவுக்குக் கணு தூரம் வேண்டும். வெட்டியதை நிழலில் மாதக்கணக்கில் காயவிட வேண்டும். அவசரப்பட்டு வெயிலில் போட்டால் வெடித்துவிடும்.

கர்நாடகக் குழலில் வாய் வைக்கும் துளை போக விரல் துளை 8. குழல் நீண்டால் சுருதி இறங்கும். சுருதியைக் கட்டைக் கணக்கில் சொல்வார்கள், கட்டை கூடினால் சுருதி உயரம். 5 கட்டைக் குழல் பையில் அடங்கும். 2 கட்டைக் குழலில் துளைக்குத் துளை எட்டுவதற்கே விரல் வலிக்கும்.

என் இருபது வயதில், குழல் செய்யும் பெரியவர் ஒருவரிடம் போய் உட்கார்ந்திருப்பேன். ஒருநாள் ஒரு துண்டைக் கையில் கொடுத்து, "நீயே போடு" என்றார். புகை கண்ணைக் கரித்தது. ஐந்து துளை ஒழுங்காக வந்துவிட்டது. ஆறாவதை ஊதிப் பார்த்தேன், சுருதிப் பெட்டியோடு சேரவில்லை, சற்றுக் கீழே நின்றது. துளையைப் பெரிதாக்கினால் சுரம் ஏறும் என்று தெரியுமே! கம்பியை மறுபடி விட்டுச் சுழற்றினேன். இப்போது சரியாகச் சேர்ந்தது. துள்ளினேன். பெரியவர் ஒன்றும் சொல்லவில்லை, டீ வாங்கிவரச் சொன்னார். டீ குடித்து முடித்ததும் "இப்ப ஊது" என்றார். சேரவில்லை. சுட்ட குழல் சூடாக இருந்தது. சூட்டில் சுருதி ஏறி நிற்கும், ஆறியதும் இறங்கிவிடும். எனக்கு ரோஷம் வந்து இன்னும் கொஞ்சம் சுட்டேன். ஆறிய பிறகு பார்த்தால் சுரம் மேலே போய்விட்டது. "தம்பி, துளையைப் பெரிசாக்க நான் இருக்கேன், நீ இருக்கே. சின்னதாக்க யாரு இருக்கா?" என்றார். மெழுகு வைத்து ஒப்பேற்றலாம். அவர் அதற்குச் சம்மதிக்கவில்லை. அந்தக் குழல் அன்றைக்கே அடுப்பில் போயிற்று.

அவர் கம்பியால் பாதிதான் போடுவார். மீதியை ஆறவைத்து, ஊதி, கத்தியால் சுரண்டி, உப்புத்தாளால் தேய்த்து, மறுபடி ஊதி... ஒரு துளைக்கு ஒரு டீ என்று கணக்கு வைத்துக்கொள்ளுங்களேன். இப்போது செல்போனில் சுருதி பார்க்கிறார்கள். பார்க்கட்டும், ஆனால் செல்போன் காட்டினாலும் குழல் ஆறியிருக்க வேண்டும். இங்கே ஏசியில் நான் கொண்டுவந்த குழல்கூட இப்போது இறங்கித்தான் கிடக்கும்.

கண்ணாடிக்கு அந்தப் பக்கம் கை காட்டுகிறார்கள். நூல் கட்டுவதைப் பற்றி விரிவாகச் சொல்ல நினைத்தேன். சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன்: விரிசல் விடாமலிருக்க நூலை இறுக்கிச் சுற்றுங்கள், அவ்வப்போது உள்ளே எண்ணெய்த் துணி விட்டு எடுங்கள், காரில் வெயிலில் விட்டுவிட்டுப் போகாதீர்கள். வணக்கம்.