ஒரே தெரு, 36 படம்

நேயர்களுக்கு வணக்கம்.

தெருவில் நின்று படம் எடுப்பது மனசுக்கு இதம் என்று சொன்னால், எடுத்துப் பார்த்தவர்களில் பாதிப் பேர் சிரிப்பார்கள். வெயில், ஹாரன் சத்தம், "யாருங்க நீங்க, எதுக்குப் படம் எடுக்கிறீங்க?" என்ற கேள்வி. வீட்டுக்கு வந்து பார்த்தால் 400 படம், ஒன்றும் தேறவில்லை. இதில் இதம் எங்கே இருக்கிறது என்பார்கள். நியாயமான கேள்விதான்.

களைப்பு தெருவினால் வருவதில்லை. எந்தப் பக்கம் திரும்புவது, எந்த லென்ஸைப் போடுவது, ஷட்டரைக் கூட்டுவதா குறைப்பதா, இவரை எடுக்கலாமா கூடாதா என்று நிமிஷத்துக்குப் பத்து தீர்மானம் செய்ய வேண்டியிருப்பதால் வருகிறது. அந்தத் தீர்மானங்களில் முக்கால்வாசியை வாசல்படி தாண்டுவதற்கு முன்பே முடித்துவிடலாம். எப்படி என்பதுதான் இன்றைய பேச்சு.

முதலில் இடம். ஒரே ஒரு தெரு போதும். வாரத்துக்கு இரண்டு தடவை, தடவைக்கு அரை மணி நேரம், அதே தெரு. மயிலாப்பூர் வடக்கு மாட வீதியை எடுத்துக்கொள்வோம். அது கிழக்கு மேற்காக ஓடுகிறது. காலை ஏழு மணிக்குக் கிழக்கே பார்த்து நின்றால் எதிரே வருகிறவர்களின் முகம் இருட்டாகவும், தலைமுடி ஓரத்தில் மட்டும் ஒளிக்கோடாகவும் விழும். அப்படியே மேற்கே திரும்புங்கள். வருகிறவர்களின் முகத்தில் நேர் வெயில். கண்ணைச் சுருக்கிக்கொண்டு வருவார்கள். அதே இடம், அதே நிமிஷம், இரண்டு வேறு படங்கள்.

மாதத்துக்கு மாதமும் இது மாறும். பங்குனியிலும் புரட்டாசியிலும் சூரியன் ஏறக்குறைய நேர் கிழக்கில் உதிப்பதால் வெயில் தெருவின் நீளத்துக்கு ஓடி வரும். மார்கழியில் சூரியன் தென்கிழக்குக்கு நகர்ந்துவிடும். தென்வரிசைக் கட்டடங்களின் நிழல் தெருவில் குறுக்கே விழும். இரண்டு கட்டடங்களுக்கு நடுவில் சந்து இருந்தால் அந்த இடத்தில் மட்டும் ஒரு பட்டை வெயில் தரையில் கிடக்கும். அந்தப் பட்டைக்கு எதிரில் நின்றுகொண்டால் போதும். காய் வாங்கப் போகிறவர், பால் பாக்கெட் கொண்டு வருகிறவர், சைக்கிளில் பூக்கூடை வைத்துத் தள்ளிக்கொண்டு போகிறவர் என்று ஒவ்வொருவராக இருட்டிலிருந்து வெளிச்சத்துக்கு வந்து மறுபடி இருட்டுக்குள் போவார்கள். ஆனியில் இந்தக் கணக்கு தலைகீழ். நிழல் வடவரிசையிலிருந்து வரும். ஒரு தெருவை ஒரு வருஷம் பார்த்தாலும் அலுக்காது என்பதற்கு இதுவே காரணம்.

மயிலாப்பூர் என்றதும் கேமரா தானாக கோபுரத்தை நோக்கிப் போகும். போகட்டும், ஒரு படம் எடுத்துவிட்டு இறக்கிவிடுங்கள். கோபுரத்தை எடுக்க நிறைய பேர் இருக்கிறார்கள். உங்கள் ஊர் கடைத்தெரு, பஸ் ஸ்டாண்டுக்குப் பின்பக்கம், ரேஷன் கடை வாசல் எதுவானாலும் சரி. வீட்டிலிருந்து பத்து நிமிஷ நடைக்குள் இருந்தால்தான் வழக்கமாகும்.

நியூயார்க்கில் சால் லைட்டர் என்று ஒரு புகைப்படக்காரர் இருந்தார். 1923-இல் பிறந்தவர், 2013-இல் மறைந்தார். ஐம்பது வருஷத்துக்கு மேல் ஒரே வட்டாரத்தில் குடியிருந்து, பெரும்பாலும் அதைச் சுற்றிய சில தெருக்களையே எடுத்தார். ஆவி படிந்த கடைக் கண்ணாடி, பனியில் நடக்கும் சிவப்புக் குடை, இவைதான் அவருடைய படங்கள்.

அடுத்து கேமரா. ஒரே லென்ஸ், கொஞ்சம் அகலமாகப் பார்க்கிற 28 அல்லது 35 மில்லிமீட்டர். ஜூம் லென்ஸ் கூடாது என்று சட்டமில்லை. ஆனால் அதைத் திருகிக்கொண்டிருக்கும் நேரத்தில் ஆள் போயிருப்பார். அப்பர்ச்சர், அதாவது வெளிச்சம் நுழையும் லென்ஸ் துவாரம், எஃப் 8. ஷட்டர் வேகம், அதாவது வெளிச்சத்துக்குக் கதவு திறந்திருக்கும் நேரம், குறைந்தது 1/250 விநாடி. அதற்குக் கீழே போனால் நடக்கிறவரின் கையும் காலும் கலங்கும். 1/60-இல் கட்டாயம் கலங்கும். எதிரில் ஸ்கூட்டர் குறுக்கே போவதை நிறுத்திப் பிடிக்க வேண்டுமானால் 1/1000 வேண்டும். ஐஎஸ்ஓ என்பது கேமரா வெளிச்சத்தை உணரும் திறன்; அதை ஆட்டோவில் விட்டு உச்சவரம்பு 3200 என்று வைத்துவிடுங்கள். படத்தில் கொஞ்சம் மணல் தூவியது போலப் புள்ளி தெரிந்தாலும் பரவாயில்லை. கலங்கிய படத்தைச் சரிசெய்ய வழியே இல்லை.

போகஸில்தான் புதியவர்கள் அதிகம் ஏமாறுகிறார்கள். ஆட்டோ போகஸ், ஆள் நடுவில் இல்லாவிட்டால் பின்னால் இருக்கும் சுவரைப் பிடித்துக்கொள்ளும். சுவரில் ஒட்டிய போஸ்டர் பளிச்சென்று இருக்கும், ஆள் மங்கலாக இருப்பார். இதற்குப் பழைய வழி ஒன்று உண்டு. படம் பதியும் சில்லான சென்சார், பழைய பிலிம் கட்டத்தின் முழு அளவில் உள்ள கேமராவில் 35 மில்லிமீட்டர் லென்ஸை எஃப் 8-இல் வைத்து, போகஸைக் கையால் 3 மீட்டருக்குத் திருப்பி விட்டுவிட்டால், சுமார் 1.9 மீட்டரிலிருந்து 7 மீட்டர் வரை எல்லாமே தெளிவாக இருக்கும். சின்ன சென்சார் கேமராவில் அதற்கு ஈடான லென்ஸைப் போட்டால் இந்த எல்லை இன்னும் விரியும். பிறகு போகஸை மறந்துவிடலாம், ஆள் அந்த எல்லைக்குள் வந்ததும் அழுத்த வேண்டியதுதான். 3 மீட்டர் என்பது சாதாரண நடையில் நாலு எட்டு. வீட்டுக் கூடத்தில் டேப் பிடித்து இரண்டு நாள் பழகினால் கண்ணுக்கு அந்தத் தூரம் பிடிபட்டுவிடும்.

கையில் போன் மட்டும்தான் இருக்கிறதா? நல்லதாகப் போயிற்று. போனின் சென்சார் சின்னது. கிட்டத்தட்ட எல்லாமே தெளிவாக விழும், போகஸ் கவலை குறைவு. தொல்லை வேறு இடத்தில் இருக்கிறது. பாக்கெட்டில் கிடந்த லென்ஸில் விரல் எண்ணெய் படிந்திருக்கும். தெருவிளக்கெல்லாம் வால் நட்சத்திரம் போல இழுத்துக்கொண்டு தெரிந்தால் காரணம் அதுதான். பருத்தித் துணியால் ஒரு துடைப்பு போதும். நைட் மோடு பல படங்களை அடுக்கி ஒன்றாக்குவதால் நடக்கிறவர் பேயாகத் தெரிவார், அணைத்துவிடுங்கள். போர்ட்ரெய்ட் மோடும் வேண்டாம். அது பூக்கூடையின் பிடியையும் குடைக் கம்பியையும் அறுத்துத் தள்ளிவிடும். திரையில் விரலை அழுத்திப் பிடித்தால் வெளிச்சமும் போகஸும் பூட்டிக்கொள்ளும். பிறகு விரலைக் கீழே இழுத்து வெளிச்சத்தைக் கொஞ்சம் குறைத்துக்கொள்ளலாம். எடுப்பதற்கு வால்யூம் பட்டன்.

வெளிச்சத்தைக் குறைக்கச் சொல்வதற்குக் காரணம் வெள்ளை வேட்டி. நிழலான பின்னணியில் வெயில் பட்ட வேட்டி ஒன்று வந்தால், கேமரா மொத்த இருட்டையும் பார்த்து வெளிச்சத்தைக் கூட்டிவிடும். வேட்டியின் மடிப்பு, கரை எல்லாம் போய் வெள்ளைக் காகிதம் ஒட்டியது போல ஆகிவிடும். எக்ஸ்போஷரை, அதாவது படத்தில் விழும் வெளிச்சத்தை, ஒரு படி குறைத்தால் மடிப்பு திரும்ப வரும். பளிச்சென்ற வானத்துக்கு எதிரே நிற்கிற முகம் இதற்கு நேர்மாறு. அங்கே ஒரு படி கூட்ட வேண்டும்.

கடைசித் தீர்மானம், எண்ணிக்கை. ஒரு நடைக்கு 36 படம். பழைய பிலிம் ரோலின் கணக்கு. கார்டில் ஆயிரம் படத்துக்கு இடம் இருக்கலாம், நமக்கு 36 போதும். வீட்டுக்கு வந்து 400 படத்தைத் தள்ளிப் பார்ப்பது பொழுதுபோக்கு இல்லை, குமாஸ்தா வேலை.

இனி தெருவுக்கு வருவோம். ஆளைத் துரத்தாதீர்கள். பின்னணியைத் தேர்ந்தெடுத்துவிட்டு நில்லுங்கள். ஒரு டீக்கடை எடுத்துக்கொள்ளலாம். மாஸ்டர் டீ ஆற்றுவதை எல்லோரும் எதிரே நின்று எடுப்பார்கள். பின்னால் பிஸ்கட் பாட்டில், சாமி படம், கேலண்டர், டியூப் லைட் என்று எல்லாம் சேர்ந்து டீயே தெரியாது. கொஞ்சம் சுற்றி நடந்து, வெயில் டீயின் பின்பக்கமாக வருகிற மாதிரியும், அவருக்குப் பின்னால் நிழலான இடம் அமைகிற மாதிரியும் நின்று பாருங்கள். அதுவரை கண்ணுக்குத் தெரியாத ஆவி எழுந்து நிற்கும். இருட்டுக்கு எதிரே, பின்னிருந்து வெளிச்சம் பட்டால்தான் ஆவி படத்தில் விழும். ஷட்டர் 1/1000-இல் இருந்தால் டீ உடைந்து முத்து முத்தாகத் தொங்கும். 1/60-இல் கயிறு மாதிரி நீண்டு விழும். எனக்குக் கயிறுதான் பிடிக்கும், ஆற்றுகிற வேகம் அதில்தான் இருக்கிறது. ஆனால் 1/60-இல் உங்கள் கை ஆடக்கூடாது. முழங்கைகளை விலாவோடு ஒட்டிக்கொண்டு, மூச்சை விட்ட பிறகு அழுத்துங்கள்.

ஒரே இடத்தில் நின்றால், முதல் ஐந்து நிமிஷம் எல்லோரும் உங்களைப் பார்ப்பார்கள். பத்தாவது நிமிஷம் ஒருவரும் பார்க்க மாட்டார்கள். அதற்குப் பிறகுதான் வேலை ஆரம்பம். பூ தொடுக்கிறவரின் விரல், நாரின் ஒரு முனையைப் பிடித்திருக்கும் கால் கட்டைவிரல், முழம் போடும்போது நீளுகிற கை, இவையெல்லாம் அப்போதுதான் இயல்பாக நடக்கும். இவர்கள் தரையில் உட்கார்ந்திருப்பவர்கள். நின்றபடி எடுத்தால் தலையின் வகிடு மட்டும்தான் கிடைக்கும். குந்தி உட்காருங்கள். முட்டி வலித்தால் போனைத் தலைகீழாகப் பிடியுங்கள். லென்ஸ் தரைக்கு ஓர் அடி உயரத்துக்கு இறங்கிவிடும்.

கேமராவைக் கண்ணுக்குக் கொண்டுபோகாமல் எடுப்பது புதிய தந்திரமும் அல்ல. சிகாகோவில் குழந்தை பார்த்துக்கொள்ளும் வேலை செய்த விவியன் மையர், இடுப்பளவில் பிடித்து மேலிருந்து குனிந்து பார்க்கும் ரோலைஃப்ளெக்ஸ் கேமராவில்தான் நிறைய எடுத்தார். குறிபார்ப்பது போல இல்லாததால் எதிரில் இருப்பவருக்குக் கூச்சம் குறைவு. ஒரு லட்சத்துக்கும் மேல் எடுத்தும் அவர் யாருக்கும் காட்டவில்லை என்றே சொல்லலாம். 2007-இல் ஏலத்துக்கு வந்த பெட்டிகளிலிருந்துதான் அவை வெளியே தெரிந்தன.

அழுத்தும் முன் முகத்தைப் பார்க்காதீர்கள், அதைக் கண் தானே பார்த்துக்கொள்ளும். ஃப்ரேமின் நாலு ஓரத்தையும் பாருங்கள், பிறகு காலைப் பாருங்கள். கணுக்காலில் வெட்டிய படம்தான் குப்பையில் அதிகம் விழுகிறது. தலைக்குப் பின்னால் மின்கம்பம் முளைத்திருந்தாலோ, இரண்டு பேர் ஒருவர்மேல் ஒருவர் ஒட்டியிருந்தாலோ, பக்கவாட்டில் அரை எட்டு நகர்ந்தால் பிரிந்துவிடும். வானொலி கேட்கிற உங்களுக்கு இன்னொன்றும் சொல்லலாம். காதைத் தீட்டிக்கொண்டு நில்லுங்கள். கடை ஷட்டர் ஏறும் கரகரப்பு, பின்னால் வரும் சைக்கிள் மணி, இஸ்திரிப் பெட்டியைக் கம்பித் தட்டில் வைக்கிற சத்தம் என்று என்ன நடக்கப்போகிறது என்பது கண்ணுக்கு முன் காதுக்கு வந்துவிடுகிறது.

சம்மதம் பற்றி. கூட்டமான தெருவில் பொதுவாக எடுப்பதற்கு ஒவ்வொருவரையும் கேட்க முடியாது. ஒருவரை மட்டும் நெருங்கி எடுத்தால் கேளுங்கள்: "அக்கா, ஒரு படம் எடுத்துக்கட்டுமா?" கேட்டதும் முந்தானையைச் சரிசெய்து விறைப்பாக உட்காருவார். அந்தப் படத்தை மரியாதையாக எடுங்கள். கேமராவை இறக்கி, ஒரு முழம் பூ வாங்கி, பேச்சுக் கொடுங்கள். அவர் வேலைக்குத் திரும்பிய பிறகு இரண்டாவது படம். "வேண்டாம்" என்றால் விவாதம் இல்லை. எடுத்துவிட்டிருந்தால் அவர் கண்ணெதிரே அழித்துவிடுங்கள். பெற்றோரைக் கேட்காமல் குழந்தைகள் வேண்டாம். தெருவில் தூங்குகிறவர், கை ஏந்துகிறவர், ஆஸ்பத்திரி வாசலில் அழுகிறவர், இவர்களை விட்டுவிடுங்கள். மறுக்க வழியில்லாதவர்கள் அவர்கள். கோவிலுக்குள் போனை எடுக்கவே வேண்டாம். தமிழகக் கோவில்களில் செல்போனுக்குத் தடை விதிக்கும்படி 2022 டிசம்பரில் உயர் நீதிமன்ற மதுரைக் கிளை உத்தரவிட்டிருக்கிறது. மாட வீதியே நமக்குப் போதும்.

கடலோர ஊர்க்காரர்களுக்கு ஒரு வார்த்தை. ஏசி அறையிலிருந்து கேமராவை நேராகத் தெருவுக்குக் கொண்டுவந்தால் கண்ணாடியில் பனி பூத்துவிடும். துடைத்தால் மறுபடி பூக்கும். பையை மூடியபடியே கால் மணி நேரம் வெளியே வைத்துவிட்டு எடுங்கள். ராத்திரி பீரோவில் துணிகளுக்கு நடுவே வைத்தால் லென்ஸில் பூஞ்சை பிடிக்கும். இறுக்கமாக மூடுகிற பிளாஸ்டிக் டப்பாவில் சிலிக்கா ஜெல் போட்டு வையுங்கள், ஜெல்லின் நிறம் மாறினால் மாற்றுங்கள்.

வீட்டுக்கு வந்ததும் படங்களைப் பார்க்க வேண்டாம். ஒரு வாரம் போகட்டும். அன்றைக்கே பார்த்தால், கஷ்டப்பட்டு எடுத்த படமெல்லாம் நல்ல படமாகத் தோன்றும். அமெரிக்கப் புகைப்படக்காரரான கேரி வினோக்ராண்ட் இதற்காகவே பிலிமைக் கழுவாமல் மாதக்கணக்கில் தள்ளிப்போடுவார். 1984-இல் அவர் இறந்தபோது கழுவாத ரோல்கள் மட்டும் சுமார் 2,500 இருந்தன. அவ்வளவு வேண்டாம், நமக்கு ஏழு நாள். எட்டாம் நாள் 36-இல் மூன்றை வைத்துக்கொண்டு மற்றதை அழியுங்கள். மூன்றில் ஒன்றை 4-க்கு 6 அங்குலத்தில் இரண்டு பிரிண்ட் போடுங்கள். பின்பக்கம் தேதியும் தெருவின் பெயரும் மென்மையான பென்சிலால் எழுத வேண்டும். பால்பாயிண்ட் பேனாவால் அழுத்தினால் முன்பக்கம் தடம் விழும், மை அடுத்த படத்தில் ஒட்டும். ஒரு பிரிண்ட் உங்களுக்கு. இன்னொன்றை அடுத்த வாரம் போகும்போது அந்தப் பூக்கார அக்காவிடம் கொடுத்துவிடுங்கள்.

வணக்கம்.