அம்மா போன்ல மட்டும் ரிமைண்டர் ஏன் அடிக்கல? பேக்கிரவுண்ட் டாஸ்க் பிரச்சனை

வணக்கம் மக்களே, இன்னைக்கு ராஜபாளையத்துல எங்க வீட்டு மொட்டை மாடில இருந்து பேசறேன், காத்து சத்தம் கேக்கும், கொஞ்சம் பொறுத்துக்கோங்க.

விஷயத்துக்கு வர்றேன். எங்க அம்மாவுக்கு தைராய்டு மாத்திரை, காலைல 6 மணிக்கு வெறும் வயித்துல போடணும், அதுக்குன்னு நானே ஒரு சின்ன ஆண்ட்ராய்டு ஆப் எழுதி அவங்க போன்ல போட்டுக் குடுத்தேன். சென்னைல என் போன்ல ஒரு நாள்கூட தவறல. அம்மா போன்ல மட்டும் 7:40, சில நாள் 8 மணி, அதாவது அவங்க போனை கைல எடுத்தப்புறம்தான் டிங்னு வரும், அதுக்குள்ள காபி குடிச்சு முடிச்சிருப்பாங்க. "நீ போட்டுக் குடுத்தது அடிக்கவே மாட்டேங்குதேப்பா"ன்னு அம்மா சொன்னப்ப ரொம்ப கஷ்டமா போச்சு, ஏன்னா இது மாத்திரை விஷயம்.

ரெண்டு நாள் ஆப்போட புரோகிராமையே பாத்துட்டு இருந்தேன். அப்புறம்தான் ஒண்ணு புரிஞ்சுது. என் போன் நாள் முழுக்க லேப்டாப்ல யூஎஸ்பி கேபிள்ல சொருகி கிடக்கும், சார்ஜ் ஏறிட்டே இருக்கும், அந்த ஆப்பை நான் ஒரு நாளைக்கு 50 தடவை திறப்பேன். அம்மா போன் ராத்திரி பூரா சாமி ஷெல்ஃப் பக்கத்துல அசையாம கிடக்கும், சார்ஜரும் கிடையாது. ஆண்ட்ராய்டு 6ல, 2015ல வந்த டோஸ் மோட் இந்த மாதிரி போனுக்காகத்தான் இருக்கு, ஸ்கிரீன் ஆஃப், சார்ஜ் இல்ல, அசைவு இல்லன்னா கொஞ்ச நேரத்துல நெட்வொர்க், ஜாப் (ஆப் பின்னாடி ஓட்டற வேலை), சாதா அலாரம் எல்லாத்தையும் புடிச்சு வெச்சுக்கும், நடுவுல அப்பப்ப ஒரு சின்ன இடைவெளி விட்டு மொத்தமா ஓட விடும், நேரம் ஆக ஆக அந்த இடைவெளி தள்ளித் தள்ளி வரும். நான் ரிமைண்டரை வொர்க்மேனேஜர்ல, அதாவது பின்னாடி ஓடற வேலையை வரிசைப்படுத்தற ஆண்ட்ராய்டு லைப்ரரில, எழுதியிருந்தேன். அது இந்த வேலைக்கு ஆகாது. பேக்கப், சிங்க் மாதிரி "எப்பவாவது முடிஞ்சா சரி"ங்கற வேலைக்குத்தான் அது, 15 நிமிஷத்துக்கு ஒரு தடவைன்னு போட்டாலும், அதுக்குக் கீழ போடவே முடியாது, அந்த 15லயும் நேரத்துக்கு உத்தரவாதம் கிடையாது.

உங்க டேபிள்லயே இதை வரவச்சுப் பாக்கலாம். ஏடிபில, அதாவது லேப்டாப்ல இருந்து போனுக்கு கமாண்ட் குடுக்கற டூல்ல, முதல்ல டம்ப்சிஸ் பேட்டரி அன்பிளக் (சார்ஜர் இல்லன்னு போனை நம்ப வைக்கும்), அப்புறம் டம்ப்சிஸ் டிவைஸ்ஐடில் ஃபோர்ஸ்-ஐடில், அவ்ளோதான், போன் தூங்கிரும், இப்ப உங்க டாஸ்க் ஓடுதான்னு பாருங்க. முடிச்சதும் டிவைஸ்ஐடில் அன்ஃபோர்ஸ், பேட்டரி ரீசெட் ரெண்டும் கண்டிப்பா குடுங்க, இல்லன்னா சார்ஜர் சொருகினாலும் சொருகலன்னே போன் நெனச்சிட்டு இருக்கும். அப்படியே ஏஎம் கெட்-ஸ்டாண்ட்பை-பக்கெட் போட்டு ஆப் பேரைக் குடுங்க, ஒரு நம்பர் வரும், ஆப்பை எவ்ளோ பயன்படுத்தறோம்னு பாத்து போன் போட்டு வெச்சிருக்கற பக்கெட், அதாவது வகை, அது. 10ன்னா ஆக்டிவ் (இப்ப பயன்பாட்டுல இருக்கு), 40ன்னா ரேர் (எப்பவாவது), 45ன்னா ரெஸ்ட்ரிக்டட் (ரொம்பக் கட்டுப்பாடு). யூசர் ஆப்பைத் திறக்காம விட விட இந்த நம்பர் ஏறும், ஜாப் ஓடறது குறையும்.

சரி, ரிமைண்டரை அலாரம்மேனேஜர்ல செட்அலாரம்கிளாக்குக்கு, அதாவது நிஜ அலாரம் கடிகாரம் மாதிரி அடிக்க வைக்கற வழிக்கு, மாத்தினேன், அது டோஸையும் தாண்டி அடிக்கும். ஆனா இதுக்கு எக்ஸாக்ட் அலாரம் பெர்மிஷன் வேணும், ஆண்ட்ராய்டு 14ல புதுசா இன்ஸ்டால் பண்ற பெரும்பாலான ஆப்புக்கு அது தானா கிடைக்காது, யூசரை செட்டிங்ஸுக்குக் கூட்டிட்டுப் போய் கேட்டு வாங்கணும். போன் ரீஸ்டார்ட் ஆனா அலாரம் எல்லாம் அழிஞ்சிரும், பூட் ஆனதும் திரும்ப செட் பண்ணணும். இதெல்லாம் பண்ணினேன், மூணு மாசம் டான்னு 6 மணிக்கு அடிச்சுது.

அப்புறம் அம்மா புது போன் மாத்தினாங்க. இப்ப லேட்டுகூட இல்ல, அடிக்கவே இல்ல! தயவுசெஞ்சு இந்த வித்தியாசத்தைக் கவனிங்க மக்களே, லேட்டா வந்தா பெரும்பாலும் டோஸ், இல்லன்னா பக்கெட், ஆப்பைத் திறக்கற வரைக்கும் வரவே இல்லன்னா ஆப்பை யாரோ நிறுத்தியிருக்காங்கன்னு சந்தேகப்படணும். போன வாரம் ஊருக்கு வந்ததும் அந்த போனை லேப்டாப்ல சொருகி டம்ப்சிஸ் பேக்கேஜ் போட்டேன், நீளமா ஓடுன லிஸ்ட்டுக்குள்ள ஒரு இடத்துல ஸ்டாப்டு ஈக்வல்ஸ் ட்ரூ, அதாவது ஆப்பை நிறுத்தி வெச்சிருக்கு. ஃபோர்ஸ் ஸ்டாப் ஆன, அதாவது முழுசா நிறுத்தப்பட்ட ஆப்புக்கு அலாரமும் கிடையாது ஜாப்பும் கிடையாது, மறுபடி யாராவது திறந்தாத்தான் உண்டு.

யாரு நிறுத்தினா? ராத்திரி அம்மா பக்கத்துல உக்காந்து பாத்தேன். படுக்கறதுக்கு முன்னாடி ரீசன்ட்ஸை (கடைசியா திறந்த ஆப் லிஸ்ட்டை) திறந்து கட்டைவிரலால ஒவ்வொண்ணா மேல தள்ளிவிட்டாங்க, "இதையெல்லாம் தொடைச்சு விட்டாத்தான்ப்பா போன் சூடாகாது"ன்னாங்க. பழைய போன்லயும் அப்படித்தான் செஞ்சாங்க, ஆனா அங்க தள்ளிவிட்டா ஸ்கிரீன்ல இருந்து போறதோட சரி. இந்தக் கம்பெனி போன்ல தள்ளிவிட்டா ஃபோர்ஸ் ஸ்டாப். இதை ஆப்ல என்ன புரோகிராம் எழுதினாலும் சரி பண்ண முடியாது, எனக்கு இதுலதான் கோவமே, வயசானவங்க மாத்திரைக்கு நம்பியிருக்கற ஆப்பை ஒரு வார்த்தை சொல்லாம நிறுத்தறது நியாயமே இல்ல.

இப்போதைக்கு போன் செட்டிங்ஸ்ல ஆட்டோஸ்டார்ட் (ஆப் தானா ஓட அனுமதி) ஆன் பண்ணி, பேட்டரில அன்ரெஸ்ட்ரிக்டட் (கட்டுப்பாடு இல்ல) குடுத்து, ரீசன்ட்ஸ்ல ஆப் மேல பூட்டு போட்டுட்டேன், தள்ளினாலும் போகாது. ஆப்புக்குள்ளயும் ஒரு ஸ்கிரீன் சேத்திருக்கேன், திறக்கறப்ப கடைசி அலாரம் அடிச்சுதா இல்லையான்னு பாத்து, அடிக்கலன்னா தமிழ்ல பெரிய எழுத்துல சொல்லும், எந்த செட்டிங்கை மாத்தணும்னும் காட்டும்.

ஐபோன்காரங்க கேப்பீங்க, அங்க பின்னாடி ஓடற வேலைக்கு இருக்கற பிஜிடாஸ்க்ஷெட்யூலர்ல நீங்க குடுக்கற நேரம் "இதுக்கு முன்னாடி ஓட்டாதே"ங்கறதுதான், எப்ப ஓட்டணும்னு சிஸ்டம் முடிவு பண்ணும், ஆப்பைத் தள்ளி மூடினாலோ லோ பவர் மோட்ல இருந்தாலோ பேக்கிரவுண்ட் ரெஃப்ரெஷ் கிடையாது. ரிமைண்டருக்கு லோக்கல் நோட்டிஃபிகேஷனை (ஆப் ஓடலன்னாலும் போனே காட்டற அறிவிப்பை) முன்கூட்டியே ஷெட்யூல் பண்ணி வெச்சிருங்க.

இன்னைக்கு காலைல 6 மணிக்கு அடிச்சுது, நான் பாயில படுத்துட்டே கேட்டேன், அம்மா எந்திரிச்சு போய் மாத்திரை போட்டாங்க. உங்க வீட்டுப் பெரியவங்க போன்லயும் ரீசன்ட்ஸ்ல தள்ளினா ரிமைண்டர் நிக்குதான்னு பாத்து, மாடலும் ஆண்ட்ராய்டு வெர்ஷனும் எழுதுங்க, அந்தந்த போனுக்கு எந்த செட்டிங்னு அந்த ஸ்கிரீன்ல சேத்துக்கறேன்.