தூசு மூடுன கேலக்ஸிக்குள்ள நட்சத்திரம் பொறக்குதுன்னு எப்படிங்க தெரியும்?

சரி, அடுத்தது தலவாக்கலையில இருந்து ஒரு தம்பி, ஏஎல் படிக்கிறாராம். "அண்ணே, சில கேலக்ஸி தூசு மூடி இன்ஃப்ராரெட்லதான் பளிச்சுனு தெரியும்னீங்க, உள்ள நட்சத்திரம்தான் பொறக்குதுன்னு என்ன நிச்சயம், பெரிய பிளாக் ஹோல் ஒன்னு சூடாக்குனாலும் அப்படித்தானே இருக்கும்"னு கேட்டிருக்காரு. நல்லா கேட்டீங்க தம்பி, இதுக்கு இன்னும் சண்ட ஓயல.

லயத்து காம்பரால அடுப்பு எரியுறப்ப செவத்துக்கு இந்தப் பக்கம் முதுகு வெச்சு ஒக்காந்தா கதகதன்னு இருக்கும்ல, நெருப்பு கண்ணுக்குத் தெரியாது. தூசு அந்தச் செவரு மாதிரிதான், இளம் நட்சத்திரங்களோட அல்ட்ரா வயலட்ட வாங்கிச் சூடாகி தூர இன்ஃப்ராரெட்டா, அதாவது கண்ணுக்குத் தெரியாத நீள அலை வெப்ப ஒளியா விடுது. 1983ல ஐராஸ் சேட்டலைட் இப்படித்தான் வானம் பூரா தேடுச்சு, ஆர்ப் 220ன்னு ஒன்னு, 25 கோடி ஒளியாண்டு தூரம், லட்சம் கோடி சூரியனுக்கு மேல வெளிச்சம், முக்கால்வாசிக்கு மேல இன்ஃப்ராரெட்லதான்.

ஆனா சூட்ட மட்டும் வெச்சு அடுப்புல என்ன எரியுதுன்னு சொல்ல முடியாது. எங்க அப்பாயி இஸ்தோப்புல ஒக்காந்தே மோந்து பாத்து இது மிலாறு, இது சவுக்குன்னு சொல்லிரும். ஒளிய அலைநீளம் அலைநீளமா பிரிச்சுப் பாக்குற ஸ்பெக்ட்ரோஸ்கோபி அந்த மூக்குதான். ஒவ்வொரு அணுவும் தனக்குன்னு உள்ள அலைநீளத்துல விடுற ஒளியத்தான் கோடுன்னு சொல்றது. ரெண்டு எலக்ட்ரான எழந்த ஆக்சிஜன் 88 மைக்ரோன் அலைநீளத்துல ஒரு கோடு விடும், அந்த ரெண்டாவது எலக்ட்ரான பிடுங்க 35 எலக்ட்ரான் வோல்ட் சக்தியுள்ள ஃபோட்டான், அதாவது ஒளித்துகள் வேணும், பெரிய சூடான நட்சத்திரம் அதக் குடுக்கும். நாலு எலக்ட்ரான எழந்த நியான் தெரிஞ்சா அது வேற கதை, அதுக்கு 97 வேணும், சாதாரண நட்சத்திரத்தால முடியாது, பிளாக் ஹோல சந்தேகப்படலாம்.

இந்தத் தூர இன்ஃப்ராரெட்டெல்லாம் பிதுருதலாகலை உச்சியில ஏறி நின்னாலும் பாக்க முடியாது, காத்துல இருக்க நீராவியே முழுங்கிரும், நம்ம ஊரு மிஸ்ட்டப் பத்தி கேக்கவே வேணாம். அதான் ஹெர்ஷல் தொலைநோக்கிய 2009ல பூமியில இருந்து 15 லட்சம் கிலோமீட்டர் தள்ளி வெச்சாங்க, 2013ல குளுரூட்டுற ஹீலியம் தீந்துச்சு, அதோட சரி.

இதுல ஒரு வில்லங்கம் இருக்கு. கார்பனோட 158 மைக்ரோன் கோடு சாதாரண கேலக்ஸில நல்லா பலமா வரும், அத வெச்சு வருஷத்துக்கு எத்தன நட்சத்திரம்னு கணக்கே போடுவாங்க, ஆனா இந்த ரொம்பப் பிரகாசமான கேலக்ஸிங்கள்ல தூசோட சூட்டுக்குப் பாத்தா பத்துல ஒரு பங்குதான் வருது. அல்ட்ரா வயலட் ஓவரா அடிச்சா தூசுத் துகளுக்கு பாசிட்டிவ் சார்ஜ் ஏறிரும், அப்புறம் கேஸ சூடாக்குற எலக்ட்ரான் தூசுல இருந்து லேசுல வெளிய வராது, கேஸ் சூடாகாது, கோடும் மங்கிரும்னு ஒரு விளக்கம் இருக்கு, வேற விளக்கமும் இருக்கு. அதனால இந்தக் கோட்ட மட்டும் நம்பி கணக்கு போடுறது எனக்குப் பிடிக்காது.

ஆர்ப் 220 நடுவுல தூசு இன்னும் மோசம், தூர இன்ஃப்ராரெட்டே திணறுது, 63 மைக்ரோன் ஆக்சிஜன் கோடு வெளிச்சமா வராம இருட்டுப் பள்ளமா தெரியுது. அங்க ரேடியோவுலதான் பாத்தாங்க, சூப்பர்நோவா வெடிச்ச புள்ளி டசன் கணக்குல இருக்கு. அப்படி வெடிக்கிற பெரிய நட்சத்திரம் சில கோடி வருஷத்துக்கு மேல இருக்காது தம்பி, அப்ப அதுங்க பொறந்ததும் சமீபத்துலதான்.