தகட்டுக்கும் ஜி.எஸ்.எம். உண்டு: ஆங்கிள், டியூப், பீம் எடைக் கணக்கு

[காட்சி: சோமனூர் பக்கம் ஒரு தறிக்கூடம். பாதி ஏறிய கூரை. தரையில் அடுக்கி வைத்த எல் வடிவ ஆங்கிள்கள்.]

வணக்கங்க. சோமனூரில் தறிக்குக் கொட்டகை போட்டாலும் சரி, பல்லடத்தில் கோழிப்பண்ணைக்குக் கூரை ஏற்றினாலும் சரி, பட்டறையில் கொடுக்கும் கொட்டேஷன் கிலோ கணக்கில்தான் வரும். கிலோ விலையில் ஒரு ரூபாய் குறைக்க அரை நாள் பேசுவோம். மொத்தம் எத்தனை கிலோ ஆகும் என்று மட்டும் கேட்க மாட்டோம். காசு போவது அங்கேதான்.

திருப்பூர்க்காரர்களுக்கு இந்தக் கணக்கு பழகியதுதான். பனியன் துணி 180 ஜி.எஸ்.எம். என்றால் ஒரு சதுர மீட்டர் 180 கிராம். இரும்புத் தகட்டுக்கும் அப்படியே. ஒரு கன மீட்டர் இரும்பு 7,850 கிலோ. அதில் 1 மி.மீ. கனத்துக்கு ஒரு தகடு சீவி எடுத்தால், ஒரு சதுர மீட்டர் 7.85 கிலோ. 6 மி.மீ. பிளேட் 47.1 கிலோ, 8 மி.மீ. பிளேட் 62.8 கிலோ. இந்த 7.85 மனதில் இருந்தால் போதும். சேலத்து ஸ்டெயின்லெஸ் என்றால் வகையைப் பொறுத்துச் சற்றே மாறும். 304 ரகத்துக்கு 7.9 என்று வைத்துக்கொள்ளலாம்.

[காட்சி: 50க்கு 50, 6 மி.மீ. ஆங்கிளின் வெட்டு முகம், கிட்டத்தில்.]

இது இரண்டு இன்ச் ஆங்கிள், கனம் இரண்டு நூல். ஒரு நூல் அரைக்கால் அங்குலம், அதாவது 3.175 மி.மீ. ஆனால் இரண்டு நூல் என்று கேட்டால் கைக்கு வருவது 6 மி.மீ.தான். கணக்கையும் 6-லேயே போடுங்கள்.

ஆங்கிளை விரித்துப் பட்டையாக்கிவிட்டதாக நினைத்துக்கொள்ளுங்கள். ஒரு கால் 50. இன்னொன்றை 50 என்று எடுக்கக்கூடாது, மூலையில் 6 மி.மீ. ஏற்கெனவே எண்ணியாகிவிட்டது. ஆக 44. மொத்த அகலம் 94 மி.மீ., அதாவது 0.094 மீட்டர். 0.094 × 6 × 7.85 = 4.43 கிலோ, ஒரு மீட்டருக்கு. அட்டவணையில் பார்த்தால் 4.5 என்று இருக்கும். கணக்கு தப்பில்லை. உள் மூலையில் வளைவாக நிரம்பியிருக்கிறதே, அந்த இரும்பை நாம் சேர்க்கவில்லை.

ஸ்கொயர் டியூபில் இது தலைகீழ். வெளி மூலை நான்கும் உருண்டிருப்பதால் கணக்கில் வருவதைவிட நிஜ எடை கொஞ்சம் குறையும். 50க்கு 50, 3 மி.மீ. டியூபுக்கு: (50 − 3) × 4 = 188 மி.மீ. அகலம். 0.188 × 3 × 7.85 = 4.43. ஆங்கிளுக்கு வந்த அதே எண்! ஆனால் தராசில் டியூப்தான் லேசாக இருக்கும். ரவுண்டு பைப்புக்கு வெளிவிட்டத்தில் கனத்தைக் கழித்து, 3.1416-ஆல் பெருக்கினால் அகலம் வந்துவிடும்.

கம்பிக்கு மி.மீ. விட்டத்தின் வர்க்கத்தை 162-ஆல் வகுத்து மீட்டருக்கு எத்தனை கிலோ என்று பார்ப்பது கட்டட வேலையில் எல்லாருக்கும் தெரிந்தது. அதுவும் இதே 7.85-லிருந்து வந்ததுதான்.

[காட்சி: ஐ பீமின் படம். இரண்டு விளிம்பும் நடுத்தகடும் மூன்று பட்டைகளாகப் பிரிகின்றன.]

பீம் என்பது மூன்று பட்டை. ஆனால் ஒரு வில்லங்கம் உண்டு. 200 மி.மீ. உயர ஐ பீமுக்கு ஐ.எஸ்.எம்.பி. 200 என்று பெயர் ஒன்றுதான். பழைய கைப்புத்தகத்தில் விளிம்பு 10.8 மி.மீ., மீட்டருக்கு 25.4 கிலோ. பின்னால் திருத்திய ஐ.எஸ். 808 என்ற இந்தியத் தர அட்டவணையில் விளிம்பு 10 மி.மீ., எடை 24.2. 12 மீட்டர் பீம் ஒன்றில் 14 கிலோவுக்கு மேல் வித்தியாசம். பழைய அட்டவணையின் போட்டோ காப்பி இன்னும் பல பட்டறைகளில் ஒட்டியிருக்கிறது. எந்த அட்டவணை என்று கேட்பதில் கூச்சம் வேண்டாம்.

சரி, கூரையைத் தாங்கும் சட்டமான டிரஸ் ஒன்றுக்குப் போடுவோம். இந்த 6 மி.மீ. ஆங்கிள் 38 மீட்டர் என்று வைத்தால் 4.5 × 38 = 171 கிலோ. பெரும்பாலோர் இதோடு நிறுத்திவிடுவார்கள். மூட்டுக்கு மூட்டு ஆங்கிள்களை இணைக்கும் தகடு, கசட் பிளேட் இருக்கிறதே? 200க்கு 150, 8 மி.மீ. பிளேட் ஒன்று 0.2 × 0.15 × 62.8 = 1.88 கிலோ. பன்னிரண்டு மூட்டுக்கு 22.6 கிலோ. பத்து டிரஸ் கொட்டகையில் இது மட்டும் 226 கிலோ! கொட்டேஷனில் இல்லாமல் பில்லில் வந்து நிற்பது பெரும்பாலும் இதுதான். மூலை சீவிய பிளேட்டையும் முழுச் செவ்வகமாகவே கணக்கிடுவார்கள். அதில் சண்டை போட வேண்டாம், சீவிய துண்டு பட்டறைக்காரருக்கும் உதவாது. வெல்டிங், போல்ட், பெயின்ட் தனியா, விலைக்குள் அடக்கமா என்பதை மட்டும் முதலிலேயே எழுதி வாங்குங்கள்.

இன்னொன்று. 20 அடி என்று விற்கும் டியூபின் நீளம் பெரும்பாலும் 6 மீட்டர். 20 அடி என்றால் 6.096. நூறு டியூப் வாங்கினால் கிட்டத்தட்ட ஒன்றரை டியூப் காகிதத்தில் மட்டும் இருக்கும்.

[காட்சி: டியூபின் முனையில் கனம் அளக்கும் கருவியான வெர்னியர்.]

கனம் அளப்பதற்கு முன் வெட்டின பிசிறை அரத்தால் தேய்த்துவிடுங்கள். இல்லாவிட்டால் அரை மி.மீ. கூடக் காட்டும். வெல்டிங் தையல் ஓடும் பக்கத்தை விட்டுவிட்டு மற்ற மூன்று பக்கமும் பாருங்கள். சி வடிவ சேனலுக்கு விளிம்பு சரிவாக இருக்கும், நடுவில் அளக்க வேண்டும்.

3 மி.மீ. என்று சொன்ன டியூப் 2.6 இருந்தால் மீட்டருக்கு 4.43 போய் 3.87 ஆகிறது. 6 மீட்டரில் 3.4 கிலோ குறைவு. எடை போட்டு வாங்கினால் காசு போகாது, கூரையின் பலம் போகும். எண்ணிக்கைக் கணக்கில் வாங்கினால் இரண்டும் போகும். அதனால் எடைச் சீட்டு சரியாக இருக்கிறது என்று வெர்னியரைப் பையிலேயே வைத்துவிடாதீர்கள்.

லோடு வந்ததும் வண்டியோடு எடை போடும் வே பிரிட்ஜில் காலி வண்டி, லோடு வண்டி இரண்டு சீட்டும் வாங்குங்கள். நம் கணக்குக்கும் சீட்டுக்கும் நூற்றுக்கு இரண்டு, மூன்று வித்தியாசம் வந்தால் விட்டுவிடலாம், உருட்டும்போதே அவ்வளவு ஏறி இறங்கும். ஐந்தைத் தாண்டினால் லோடை இறக்குவதற்கு முன்பே நாலைந்து துண்டை எடுத்துக் கனத்தை அளந்துவிடுங்கள். இறக்கி, வெட்டி, வெல்டிங் வைத்த பிறகு எந்தக் கடைக்காரரும் திரும்ப எடுத்துக்கொள்ள மாட்டாருங்க.