ஊருணிக் கரையில் ஒரு வகுப்பு

ஆச்சிமார்களே, அண்ணன்மார்களே, ஆசிரிய நண்பர்களே, வணக்கம். நேராக விஷயத்துக்கு வந்துவிடுகிறேன்.

நம் செட்டிநாட்டு ஊர் வரலாறு என்று பிள்ளைகளுக்கு எதைச் சொல்கிறோம்? பர்மா தேக்கு, இத்தாலி மார்பிள், ஆத்தங்குடிக் கல், முட்டை வெள்ளைக்கரு சேர்த்து இழைத்த சுவர். சுற்றுலா வருகிறவர்களுக்கு இது போதும். பத்தாவது படிக்கிற பிள்ளை, இதெல்லாம் எந்தப் பணத்தில் வந்தது என்று கேட்கும், கேட்கிற வயசு அது. மறைக்காமல் சொல்லுங்கள். கொண்டுவிக்க, அதாவது கடல் கடந்து வட்டித் தொழில் செய்யப் போன நம் ஆட்கள், கீழ் பர்மாவில் நெல் விவசாயிகளுக்குக் கடன் கொடுத்தார்கள், 1930களில் நெல் விலை விழுந்ததும் கடன் திரும்பவில்லை, ஈட்டுக்கு வைத்த நிலம் கைமாறியது, 1938 வாக்கில் அங்கே முக்கியமான 13 நெல் மாவட்டங்களில் கால்வாசி விளைநிலம் செட்டியார்கள் கையில். நிலம் போன அந்த விவசாயி என்ன பாடு பட்டிருப்பான்? 1942இல் ஜப்பான் படை நுழைந்தபோது எல்லாவற்றையும் போட்டுவிட்டு நடந்தே ஊர் திரும்பிய நம் ஆட்கள் என்ன பாடு பட்டிருப்பார்கள்? இரண்டையும் ஒரே வகுப்பில் பேசுங்கள். பதினைந்து வயசுக்கு அது புரியும்.

அப்புறம் சாதி. பேசினால் வம்பு என்று நாம் வாயை மூடிக்கொள்கிறோம். கையில் கட்டுகிற கயிற்றின் நிறமும் செல்போனில் வருகிற வீடியோவும் மூடிக்கொண்டா இருக்கின்றன? 2023இல் நாங்குநேரியில் ஒரு மாணவனை வீடு புகுந்து வெட்டியது கூடப் படித்த பையன்கள்தான்.

1930 டிசம்பரில் அன்றைய இராமநாதபுரம் ஜில்லாவில், நம் ஊர்களும் அப்போது அதில்தான் இருந்தன, ஆதிதிராவிட மக்களுக்கு எட்டுத் தடைகள் போட்டார்கள். பொன், வெள்ளி நகை கூடாது. ஆண்கள் சட்டை, பனியன் போடக் கூடாது, கிராப் வெட்டக் கூடாது, குடை பிடிக்கக் கூடாது, செருப்பு போடக் கூடாது. வீட்டில் மண்பாத்திரம் தவிர வேறு கூடாது. பெண்கள் மேலாடை போடக் கூடாது, பூ வைக்கக் கூடாது. அடுத்த வருடம் தடைகள் பதினொன்றாயின. பிள்ளைகள் படிக்கக் கூடாது, மிராசுதாரரின் மாடு மேய்க்கத்தான் வேண்டும் என்பது அதில் ஒன்று. சீருடைச் சட்டையோடு பெஞ்சில் உட்கார்ந்திருக்கிற பிள்ளைகளுக்கு இதை நிறுத்தி நிதானமாக வாசித்துக் காட்டுங்கள். இதை எதிர்த்தவர்களையும் சொல்லுங்கள். பக்கத்துச் சிராவயலில் ஜீவானந்தம் ஆசிரமம் நடத்தியதும், 1927இல் காந்தி அவரைத் தேடி அங்கே வந்ததும் நம் பிள்ளைகளில் எத்தனை பேருக்குத் தெரியும்?

இதைப் புத்தகம் போட்டு நடத்த வேண்டாம். ஊருணிக் கரைக்குக் கூட்டிப் போங்கள். வரத்துக்கால் எங்கே அடைபட்டது, அதன்மேல் பிளாட் போட்டது எப்போது, கருவேலம் எதுவரை ஏறியிருக்கிறது, பிள்ளைகளே நடந்து பார்த்து வரையட்டும். பிறகு வயசானவர்களிடம் போகட்டும். எந்தப் படித்துறையில் யார் இறங்கினார்கள், யார் குடத்தோடு தள்ளி நிற்க வேண்டியிருந்தது என்று வளவு வீட்டு ஆச்சியிடமும் கேட்கட்டும், காலனிப் பாட்டியிடமும் கேட்கட்டும். இரண்டு பேர் சொன்னதையும் ஒரே நோட்டில் பக்கத்துப் பக்கத்தில் எழுதச் சொல்லுங்கள்.

ஒன்றில் மட்டும் கவனம் வேண்டும். எந்தப் பிள்ளையையும் எழுப்பி, உங்க ஆட்களைப் பற்றிச் சொல்லு என்று கேட்டுவிடாதீர்கள். அந்தக் கூச்சம் ஆயுசுக்கும் போகாது. தானாக வாய் திறந்தால் கேளுங்கள், இல்லையென்றால் விட்டுவிடுங்கள்.

தலைமையாசிரியர்கள் இங்கே இருக்கிறீர்கள். வாரத்துக்கு ஒரு பீரியட் கொடுங்கள், சனிக்கிழமையானாலும் சரி. இதற்குப் பரீட்சை வேண்டாம், மார்க்கும் வேண்டாம்.